இல்லையென்று தலையாட்டும் அணில்

மறுபடியும் இல்லை என்றது அணில். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்று எப்சிபா தட்டிய விடையைப் பார்த்துவிட்டு, மாமரக் கிளையில் இருந்தபடியே வாலை ஒரு சுழற்று சுழற்றி, தலையை இடமும் வலமுமாக நிதானமாக ஆட்டி, ‘தப்பு, இன்னொரு தடவை யோசி’ என்று ஒரு பலகையையும் தூக்கிக் காட்டியது. என்னத்த யோசிக்க, ஏழும் அஞ்சும் பன்னிரண்டு இல்லாமல் வேறு என்ன, உலகம் பூராவும் பன்னிரண்டு, பல்கலைக்கழகக் கணினித் துறையின் மூலை அறையில் கிடக்கிற இந்தக் கிழட்டுப் பெட்டிக்குள் மட்டும் பன்னிரண்டு இல்லையா, நல்ல நியாயமா இருக்கே. இதில் கொடுமை என்னவென்றால் அந்த அணிலை வரைந்ததே அவள்தான். தலையாட்டுக்கு மாதிரியாக எடுத்துக்கொண்டது லேடீஸ் ஹாஸ்டல் வார்டனை. ஆறரை மணிக்கு மேலும் கேட்டைத் திறந்து வையுங்கள் என்று ஹாஸ்டலில் சேர்ந்த நாளிலிருந்து வாதாடுகிறாள், பையன்கள் ஹாஸ்டலுக்குக் கேட்டே கிடையாது, இருட்டு என்ன பொம்பளைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இருட்டுதா மேடம் என்று எவ்வளவு அழகாக எடுத்து வைத்தாள், அந்த அம்மாள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவேண்டுமே, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு இப்படித்தான், இதே நிதானத்தோடு, இடமும் வலமுமாக. பதில் சொல்லி மறுத்தால் மேற்கொண்டு வாதாடலாம், தலையை ஆட்டினால் என்ன செய்வது. அந்தக் கோபத்தை வீணாக்கவேண்டாம் என்று அணிலுக்குள் இறக்கி வைத்தாள். இப்போது அது மதியச் சாப்பாட்டிலிருந்து அவளையே பார்த்து ஆட்டுகிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மயில் அகவியது. அதுவும் இல்லை என்று சொல்வதுபோலத்தான் இருந்தது.

கணக்கணில் என்பது விளையாட்டின் பெயர். கூட்டல் கழித்தல் கேட்கும், சரியாகச் சொன்னால் அணில் மேலும் கீழுமாகத் தலையாட்டி அடுத்த கிளைக்குத் தாவும், உச்சிக்குப் போய்விட்டால் மாம்பழம். குழல்வாய்மொழி மேடத்தின் தலைமையில் துறையில் நாலைந்து பேர் சேர்ந்து அரசுப் பள்ளிகளுக்காக எழுதி இலவசமாகக் கொடுப்பது. விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் எப்சிபாவின் அம்மா தங்கபுஷ்பம் டீச்சர் வேலை பார்க்கும் பள்ளியிலும் ஓடிக்கொண்டிருந்ததுதான், இதே மாதிரிப் பெட்டிகளில், இதே பழைய லினக்ஸ் இயங்குதளத்தில். போன மாதம் பெருக்கலும் வகுத்தலும் சேர்த்துப் புதுப் பதிப்பு போனது. புதுக் கணினிகளில் எல்லாம் அணில் தாவிக் குதித்துக்கொண்டிருக்க, பழைய பெட்டிகளில் மட்டும் என்ன சொன்னாலும் தப்பு, தப்பு, தப்பு. நேற்று அதற்காகத்தான் பேச்சு. கூடவே ஆராய்ச்சி பண்ணும் சீனியர் மகாராஜன் நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, “எம்மா எப்சி, பழைய பதிப்பையே திருப்பிப் போட்டுக் குடுத்துட்டு அதோட விட்டுருவோம். அந்தப் பெட்டி எல்லாம் நீ எல்கேஜி படிக்கைல வந்தது, அதுல இருக்க கம்பைலர் அதுக்கும் மூத்தது” என்றான். அதோட விட்டுருவோம் என்றால் என்ன அர்த்தம். “அப்ப அந்தப் பிள்ளைகளுக்குக் கூட்டல் மட்டும் போதுமா அண்ணே? பெருக்கல் எல்லாம் புதுப் பெட்டி வச்சிருக்கவன் பிள்ளைக்கா? நாம எழுதுறத மிஷினுக்குப் புரியுற மாதிரி மாத்திக் குடுக்கதுதான் கம்பைலர். அதுக்கு வயசாயிட்டுன்னா நாமதான் வயசானவங்ககிட்ட பேசுற மாதிரிப் பேசணும்.” “காது கேக்காதவங்ககிட்ட எம்புட்டு நேரம் பேசுவ?” “உங்ககிட்டயே பேசிட்டு இருக்கம்லா?” அதற்குள் மேடம் மேசையைத் தட்டிவிட்டார். “போதும் ரெண்டு பேரும். எப்சி, நாளைக்கு நாலு மணிக்கு நான் வந்து பாப்பேன். அந்த மூலைப் பெட்டியில அணில் சரின்னு சொல்லிட்டா பழைய சிஸ்டம் எல்லாம் தொடரட்டும். சொல்லலைன்னா இனிமே கிடையாது, அதுக்கு அப்புறம் எங்கிட்ட வாதாடக்கூடாது.” “வாதாட மாட்டேன் மேடம், ஆனா ஒண்ணே ஒண்ணு.” “பாத்தியா, ஆரம்பிச்சிட்ட.”

நாலு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். காலையில் எவ்வளவு நம்பிக்கையாக இருந்தாள். முதலில் கான்ஃபிகர், அதாவது பெட்டியை விசாரிப்பது. அவள் எழுதிய விசாரணைதான், பழைய லினக்ஸ், அதைவிடப் பழைய லினக்ஸ், மலைமேல் ஒரு பள்ளியில் யாருக்கும் பெயர் தெரியாத என்னமோ ஒன்று, எல்லாவற்றையும் ஒரே மரியாதையோடு கேட்கும். கம்பைலர் இருக்கா, இருக்கு. வேலை செய்யுமா, செய்யும். இந்த நிரல் நூலகம் உண்டா, கிடையாது. அது இல்லாவிட்டால் இதுவாவது உண்டா, இது உண்டு. ஹாஸ்டலில் புதிதாக வந்த பிள்ளையைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களே, எந்த ஊரு, எந்த காலேஜ், குறட்டை விடுவியா, அது மாதிரி. வருகிற பதிலுக்குத் தக்கபடி இந்தப் பெட்டிக்கு இப்படி, அந்தப் பெட்டிக்கு அப்படி என்று பாதை பிரியும். மகாராஜன் சொல்வான், ஒரு கல்யாணப் பந்தியில வெங்காயம் சேக்காதவருக்கு ஒண்ணு, சீனி சேக்காதவருக்கு ஒண்ணு, பல்லு இல்லாதவருக்கு ஒண்ணுன்னு சமைச்சா சமையக்காரன் ஓடிருவான் எம்மா. ஓடினால் அவன் என்ன சமையல்காரன். விசாரணை முடிந்ததும் மேக். மேக் என்பது மெஸ் மாஸ்டர் மாதிரி ஒரு மேஸ்திரி. அரிசி ஊறப்போட்டது எப்போது, மாவு அரைத்தது எப்போது என்று நேரத்தை மட்டும் பார்ப்பார், மாவு பிந்தியது என்றால் அரைத்தது அரைத்தபடி இருக்கட்டும் என்று போய்விடுவார், அரிசி பிந்தியது என்றால்தான் ஆட்டுக்கல்லைத் தொடுவார். மேக்கும் அப்படித்தான், மனுஷர் எழுதிய கோப்பு புதுசாக இருந்தால் அதைக் கம்பைலரிடம் கொடுத்து மாற்றச்சொல்லும், மாற்றி வைத்தது புதுசாக இருந்தால் தொடாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அது படித்துப் பார்ப்பதே கிடையாது, படித்துப் பார்க்காமலே மேஸ்திரியாக இருக்கிறவர்கள் இந்தத் துறையிலேயே நிறையப் பேர், அது வேறு கதை. ஆனால் காலையில் அந்தக் கம்பைலரின் வாய் இருக்கிறதே, அப்பா. வரிக்கு வரி முணுமுணுப்பு. இது சரியாகப் படவில்லை, அதை இப்படி எழுதலாமா, இந்த இடத்தைக் கவனித்தீர்களா. நாலு வரி படித்தாள், ஐந்தாவதுக்குள் ரத்தம் கொதித்துவிட்டது, உன் காலத்தில் பிறக்காத எழுத்துமுறை என்றால் எல்லாம் தப்பா என்று கேட்டு, அது சொல்வதையெல்லாம் ஒரு பாழ்கிணற்றில் கொட்டும்படி கட்டளையின் வாலில் நாலு எழுத்தைச் சேர்த்தாள். அதற்குப் பிறகு அமைதி. முணுமுணுப்பே இல்லாமல் காலை முழுவதும் பெட்டி மூச்சு இரைத்து, சூடேறிய தூசியின் வாசனையோடு எல்லாவற்றையும் மாற்றி முடித்தது. ஓடவிட்டாள். அணில் இல்லை என்றது. சரி, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று போனாள், ஆடிக் காற்றில் எங்கேயோ கம்பி உரசிக் கரண்ட் போய் வந்திருந்தது. திரும்பி வந்து உயிர் கொடுத்தபோது திரை மூலையில், காலையில் அவள் திருத்தி வைத்த தேதியை மறந்துவிட்டு, பெட்டி தான் பிறந்த வருஷத்து ஜனவரி ஒன்றாம் தேதியில் உட்கார்ந்திருந்தது. உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி எப்போதோ செத்திருக்கும். கொண்டாடட்டும், தினமும் புத்தாண்டு, யாருக்கு வாய்க்கும்.

சாப்பிட்டுவிட்டு வந்ததும் பளிச்சென்று ஒன்று தோன்றத்தான் செய்தது. விடையில் எத்தனை தப்பு என்று எண்ணுவதற்குக் கணினி நினைவில் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள், அந்த இடத்தில் ஆரம்பத்தில் பூஜ்யம் போட்டுவைக்க யாரோ மறந்திருந்தார்கள். புதுப் பெட்டிகளில் தற்செயலாக அங்கே பூஜ்யமே கிடந்துவிடுகிறது, பழைய பெட்டியில் முன்னே இருந்தது விட்டுப்போன குப்பை கிடக்கும், ஹாஸ்டல் அலமாரி மாதிரி, திறந்தால் போன வருஷத்துப் பிள்ளையின் ஒற்றைச் செருப்பு. குப்பை கிடந்தால் எண்ண ஆரம்பிக்கும் முன்னாலேயே ஆயிரம் தப்பு, அப்புறம் அணில் எப்படிச் சரி என்று சொல்லும். அந்த வரியை எழுதியது யார் என்று கண்டுபிடிக்க வசதி இருக்கிறது, அவள் பார்க்கவில்லை, வாதத்தில் சில சாட்சிகளைக் கூப்பிடாமல் விடுவதுதான் புத்தி. பூஜ்யத்தைப் போட்டாள், காலையில் கொடுத்த அதே கட்டளையில் மேக்கை ஓட்டினாள், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது, பரவாயில்லையே கிழத்துக்கு இவ்வளவு வேகமா என்று ஒரு பெருமைகூட வந்தது. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. அணில் வாலைச் சுழற்றியது, இடம், வலம், இடம். அவள் தப்பாக யோசித்திருக்கிறாள். அவள். சரி, தப்புதான் என்று சொல்லிக்கொண்டாள், வாய்விட்டு இல்லை, உள்ளுக்குள், அந்த வார்த்தை அவளுக்குள் அதற்கு முன் புழங்கியதே இல்லை என்பதால் எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்தப் பூஜ்யத்தை அழித்துவிட்டு வேறு இடங்களில் தேடப்போனாள். எண்ணின் அகலத்தை மாற்றினாள், இல்லை. விடையை எழுத்தாக வாங்கி எண்ணாக மாற்றினாள், இல்லை. ஒப்பிடுவதைத் தலைகீழாக ஒப்பிட்டாள், இல்லை. டீ டம்ளரோடு எட்டிப் பார்த்த மகாராஜன் திரையைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, “எம்மா, நம்ம ஊரு அணில்லா, ஆமாங்கதுக்கும் இப்படித்தான் ஆட்டும். நல்லாப் பாரு” என்றான். “போங்கண்ணே.” “போறேன், நாலு மணிக்கு மேடத்தோட வாறேன்.”

அப்போதுதான் போன் அடித்தது. அம்மா. ஏட்டி சாப்ட்டியா, சாப்ட்டேன், என்ன சாப்ட்ட, அம்மா வேலையா இருக்கேன், எப்பப் பாத்தாலும் வேலை, நான் சொல்லுறதக் கொஞ்சம் கேளு, “இந்த இசக்கியம்மான்னு ஒரு பிள்ள இருக்காள்லா, அஞ்சாப்பு, பரீட்சைத் தாள்ல ஏழும் அஞ்சும் பதிமூணுன்னு எழுதிருக்கா. நல்லாக் கணக்குப் போடுத பிள்ளட்டி அது. ஏம்ட்டி இப்படி எழுதுனன்னு கேட்டா சொல்லுதா, பன்னண்டுன்னா அணில் இல்லைங்கு டீச்சர், பதினொண்ணும் இல்லைங்கு, பதிமூணு இன்னும் கேட்டுப் பாக்கலைங்கா.” எப்சிபாவுக்கு வந்ததே கோபம். “அதுக்காக? சரியான விடை கையில இருக்கும்போது ஏம்மா விட்டுக்குடுக்கணும்? அணில் சொன்னா? அணில் என்ன பெரிய இதுவா? பொம்பளப் பிள்ளைகளுக்கு இதத்தானே சொல்லிக்குடுத்து வச்சிருக்கோம், எவனாவது தலைய ஆட்டிட்டா நாமதான் தப்புன்னு. நீங்க அந்தப் பிள்ளகிட்ட சொல்லுங்க, தெரிஞ்சதுல நில்லுன்னு சொல்லுங்க, யாரு ஆட்டினாலும்.” “சொல்லுதேன், சொல்லுதேன். அவ பத்து வயசுப் பிள்ள, உன்ன மாதிரி வாயா இருக்கு அவளுக்கு? நீ அந்த அணிலச் சரிபண்ணுத வழியப் பாரு. எம் மக பாத்துக்கிடுவான்னு பிள்ளைககிட்ட சொல்லி வச்சிருக்கேன்.” போனை வைத்தாள். சொல்லி வைத்திருக்கிறாளாம். ஒரு பள்ளிக்கூடமே கிளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நாலு மணிக்கு மேடம் வருவார், அணில் ஆட்டும், மகாராஜன் ஒன்றும் சொல்லமாட்டான், அதுதான் பயம், கேலி பண்ணினால் பதில் சொல்லலாம், பாவம் என்று முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டால். அப்புறம் அந்தப் பெட்டிகளை மேசையிலிருந்து இறக்கி மூலையில் வைப்பார்கள், மேலே துணி போடுவார்கள், துணிமேல் ஆயுத பூஜைப் பொரி. இசக்கியம்மாளுக்கு ஏழும் ஐந்தும் என்னவென்று கடைசிவரை ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும், கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போது, பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும்போது, கல்யாணமாகி யாரோ ஒருத்தன் தலையை ஆட்டும்போது. ஐயோ, நானே எழுதிய அணில்.

இதற்கு மேல் பொறுக்கமுடியாது என்ற இடத்துக்கு மனசு போய்விட்டால் கை சும்மா இருக்காது. விளையாட்டின் முக்கியமான கோப்பைத் திறந்து, நட்ட நடுவில், கணக்குச் சரிபார்க்கும் இடத்தில், கம்பைலருக்கு எந்தக் காலத்திலும் புரியாத சுத்தமான செந்தமிழில் எழுதினாள்: ஏ அணிலே, வார்டனுக்குப் பிறந்த மூதேவியே, உனக்கு ஏழும் அஞ்சும் என்னன்னு தெரியுமா, தெரிஞ்சாச் சொல்லு, தெரியாட்டா மரத்தை விட்டு இறங்கு. எழுதி முடித்ததும் நெஞ்சு லேசானது. பழக்கதோஷத்தில் சேமித்து, பழக்கதோஷத்தில் மேக்கையும் ஓட்டிவிட்டாள். உடனே, அடடா, இதைப் போய்க் கம்பைலர் எப்படி விழுங்கும், மொத்தமும் நொறுங்கிக் கிடக்குமே என்று பதறினாள். ஒன்றும் நொறுங்கவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. விளையாட்டு திறந்தது. அணில் கிளையில் உட்கார்ந்து, திட்டு வாங்கின சுவடே முகத்தில் இல்லாமல், ஏழும் ஐந்தும் எவ்வளவு என்று கேட்டது.

எப்சிபா விடையைத் தட்டவில்லை. மூதேவி என்று ஒரு கம்பைலரைப் பார்த்து எழுதினால், அது எவ்வளவு கிழமானாலும், எவ்வளவு செவிடானாலும், கத்தியாக வேண்டும். கத்தவில்லை என்றால் படிக்கவில்லை. படிக்கவில்லை என்றால் யாரும் அதனிடம் கொடுக்கவில்லை. எப்போதிலிருந்து? கட்டளையின் வாலில் சேர்த்திருந்த நாலு எழுத்தை, அந்தப் பாழ்கிணற்றை, மெதுவாக அழித்தாள், யாரோ ஒருவருடைய வாயிலிருந்து தன் கையையே எடுப்பதுபோல இருந்தது. மறுபடி ஓட்டினாள். மேக் மிகவும் பணிவாகச் சொன்னது: செய்வதற்கு ஒன்றும் இல்லை. மதியத்திலிருந்து அது இதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும், கிணற்றுக்குள்ளிருந்து. திரை மூலையில் ஜனவரி ஒன்று. காலையில் அரைத்த மாவுக்கு இந்த வருஷத்துத் தேதி, மதியம் அவள் ஊறப்போட்ட அரிசிக்கெல்லாம் அவள் எல்கேஜி படித்த காலத்துத் தேதி. மாவு பிந்தியதுதானே, அரைத்தது அரைத்தபடி இருக்கட்டும் என்று மாஸ்டர் போய்விட்டார். அவள் மாற்றியதில் ஓர் எழுத்துகூட அணிலிடம் போய்ச் சேரவில்லை. அகலம், ஒப்பீடு, தலைகீழ், ஒன்றும். அப்படியானால், என்று நினைப்பு ஒரு படி இறங்கி, அங்கேயே வழுக்கியது, அப்படியானால் அந்தப் பூஜ்யமும் போய்ச் சேரவில்லை. தேதியைத் திருத்தினாள். மூதேவியை அழித்தாள், பதற்றத்தில் ஒரு வரி விட்டுப்போய் அதையும் தேடி அழித்தாள். விளையாட்டுப் பகுதியை முழுக்கப் புதிதாக மாற்றச்சொல்லி மேக்கை ஓட்டினாள், இந்தத் தடவை வாயைத் திறந்துவைத்து. பெட்டி கனைத்தது. விசிறி இரைந்தது. கம்பைலரின் முணுமுணுப்பு வரிசையாக இறங்கியது, முதல் வரி, இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, காலையில் அவள் படிக்காமல் கிணற்றில் தள்ளிய ஐந்தாவது: தப்புகளை எண்ணும் இடத்தில் ஒன்றும் போடாமலே அதை எடுத்துப் பார்க்கிறீர்கள் போலிருக்கிறதே. காலையிலேயே சொல்லியிருக்கிறது. மதியம் தானே சொன்னாள், சரியாகச் சொன்னாள், வாழ்க்கையில் முதன்முறையாகத் தப்பென்று ஒப்புக்கொண்டதும் அந்த ஒன்றைத்தான். தெரிந்ததில் நில் என்று அம்மாவிடம் போனில் என்ன பெரிய பிரசங்கம். இசக்கியம்மா, வா, வந்து பக்கத்தில் உட்காரு, நாம ரெண்டு பேரும் ஒரு வகுப்புதான்.

பூஜ்யத்தைப் போட்டு மறுபடி ஓட்டியபோது வெளியே செருப்புச் சத்தம். மேடமும் மகாராஜனும். திரையில் வரிகள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன. “என்ன எப்சி, இன்னும் ஓடிட்டே இருக்கு?” எப்சிபா திரும்பவில்லை. “முடிஞ்சிரும் மேடம்” என்றாள், அவ்வளவுதான், மேற்கொண்டு ஒன்றும் இல்லை. அவள் கம்பைலர் சொல்வதைப் படித்துக்கொண்டிருந்தாள், ஒரு வரி விடாமல், உதடு அசைய. மேடம் மகாராஜனைப் பார்த்தார். மகாராஜன் நெளிந்தான். “எம்மா, அப்ப பழைய சிஸ்டத்த எடுத்துருவோமா? சண்டைக்கு வரலையா?” அவள் அடுத்த வரிக்குப் போனாள். “காலைல இருந்து ஏதாவது சாப்ட்டியாம்மா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்றார் மேடம், நிஜமான கவலையோடு. எப்சிபா கையை உயர்த்தி, கொஞ்சம் இருங்கள், அது பேசிக்கொண்டிருக்கிறது என்று சைகை காட்டினாள். கடைசி வரி இறங்கியது. விசிறி தணிந்தது. வெளியே மயில்கூட வாயை மூடிக்கொண்டிருந்தது.

மாமரம் வந்தது. அணில் வந்தது. ஏழும் ஐந்தும் எவ்வளவு. எப்சிபா எழுந்து நாற்காலியை மேடத்துக்கு விட்டாள். மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒற்றை விரலால், ஒன்று, இரண்டு என்று பன்னிரண்டைத் தட்டினார். அணில் வாலை ஒரு சுழற்று சுழற்றியது. அணில் மேலும் கீழுமாக, வார்டன் தன் ஆயுளில் ஒரு தடவையும் ஆட்டியிராத திசையில், தலையை ஆட்டிவிட்டு அடுத்த கிளைக்குத் தாவியது. “அட” என்றார் மேடம். “இருங்க மேடம், இருங்க” என்றான் மகாராஜன், “எல்லாத்துக்கும் சரிங்குற அணிலா இருந்தா அதுவும் ஆகாதுல்லா” என்று குனிந்து, விளையாட்டை முதலிலிருந்து ஆரம்பித்து, ஏழும் ஐந்தும் பதின்மூன்று என்று தட்டினான். அணில் யோசித்தது. கண்ணை அரைவாசி மூடியது. இடமும் வலமுமாக, அதே நிதானத்தோடு ஆட்டியது. மதியத்திலிருந்து பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன அந்த ஆட்டத்தை எப்சிபா இப்போது கண்கொட்டாமல் பார்த்தாள், இப்படி ஓர் இல்லையை யாராவது சொன்னால் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது. மகாராஜன் என்னமோ சொல்ல வாயெடுத்தான், அவள் அதற்குள் போனை எடுத்துவிட்டாள். அந்தப் பக்கம் அம்மா, ஏட்டி சாப்ட்டியா என்று ஆரம்பிப்பதற்கு முன்னால், “அம்மா, இசக்கியம்மாகிட்ட சொல்லுங்க” என்றாள், “பதிமூணக் கேட்டுப் பாத்தாச்சு. அதுவும் இல்லையாம்.”